யாருக்காக எழுதுகிறோம்? ஆற்றுப்படுத்தும் பணியில் குறிப்பேடு பற்றிய ஒரு திறனாய்வு

ஆற்றுப்படுத்தும் பணியைக் குறித்து நம்மிடையே எழுதப்படுவனவற்றுள் பெரும்பாலானவை கேட்டல் என்னும் கலையைப் பற்றியவை. எவ்வாறு கேட்பது, எப்பொழுது பேசாதிருப்பது, எவ்வகை வினா மற்றவர் உள்ளத்தைத் திறக்கும் என்பன விரிவாக ஆராயப்பட்டுள்ளன. ஆனால் கேட்டு முடித்தபின் ஆற்றுப்படுத்துநர் செய்கின்ற செயல் மற்றொன்று உண்டு. வந்தவர் எழுந்து சென்றதும் அவர் மேசையருகே அமர்ந்து, கேட்டதை எழுதி வைக்கிறார். எழுதவேண்டும் என்று நம் இறையியற் கல்லூரிகள் கற்பிக்கின்றன. எவருக்காக எழுதுகிறோம், எழுதப்படுகிறவருக்கு அதனால் நேர்வது யாது என்னும் வினாக்களை அவை அரிதாகவே எழுப்புகின்றன.

அவ்வினாக்களைக் கூடலூர்ப் பகுதியின் வாழ்வை முன்னிறுத்தி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். நீலகிரி மாவட்டத்தின் மேற்குச் சரிவில், தமிழ்நாடு, கேரளம், கருநாடகம் ஆகிய மூன்று மாநிலங்களும் நெருங்கும் இடத்தில் அமைந்தது கூடலூர். எழுத்து ஒரு மனிதனுக்கு என்ன செய்யக்கூடும் என்பதைத் தம் வாழ்வில் பட்டறிந்த மக்கள் அங்கே திரளாக வாழ்கின்றனர். ஆகவே நம் குறிப்பேட்டை உரசிப் பார்ப்பதற்கு அதைவிடத் தகுந்த உரைகல் கிடைப்பது அரிது.

1. மரபு வந்த வழி

போதகர் தம் உரையாடல்களை எழுதிக் கற்கும் முறை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவில் உருவாயிற்று. அதன் தந்தை எனப்படுபவர் ஆன்டன் பாய்சன். 1920-இல் கடும் மனநோயுற்று மருத்துவமனையில் அடைக்கப்பட்டிருந்த இவர், நலம்பெற்றபின் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையின் குருவானவராகி, 1925-ஆம் ஆண்டுக் கோடையில் இறையியல் மாணவர் சிலரைப் பயிற்சிக்கு அழைத்துக்கொண்டார். நூல்களை மட்டும் கற்றுத் தேறும் இறையியல் போதாது, துன்புறும் மனிதரும் 'உயிருள்ள ஆவணங்களாக' வாசிக்கப்பட வேண்டும் என்பது அவருடைய கொள்கை. 1936-இல் ரிச்சர்ட் கேபட் என்னும் மருத்துவரும் ரசல் டிக்ஸ் என்னும் மருத்துவமனைப் போதகரும் நோயுற்றோர்க்கு ஊழியம் செய்யும் கலையைப் பற்றி நூலொன்றை இணைந்து வெளியிட்டனர். கேபட், நோயாளரின் வரலாறுகளைக் கொண்டு மருத்துவம் கற்பிக்கும் முறையைப் பரப்பியவர்களுள் ஒருவர். நோயாளியுடன் பேசியதைச் சொல்லுக்குச் சொல் நினைவுகூர்ந்து எழுதும் பழக்கத்தைப் போதகர் பயிற்சிக்குள் கொண்டுவந்தவர் டிக்ஸ். எழுதுதல், எழுதுகிறவர் தம்மையே சோதித்துப் பார்க்கும் வழி என்று அவர் கருதினார்.

இம்மரபில் நன்மை மிகுதி. அறிவுரை மழை பொழிவதே ஊழியம் என்றிருந்த நிலையை மாற்றி, 'நான் உண்மையில் கேட்டேனா?' என்று போதகரைத் தம்மிடமே வினவச் செய்தது இதுவே. எனினும் இதில் ஒரு குறை தொடக்கத்திலேயே புகுந்துவிட்டது. பாய்சன் தாமே ஒருகாலத்தில் பிறரால் எழுதப்பட்ட நோயாளி. 1960-இல் அவர் வெளியிட்ட தன்வரலாற்றில் தம் நோயின் கதையைத் தம் சொற்களிலேயே எழுதினார். தம்மைப் பற்றிய ஏட்டைத் தம் கையில் எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு அவருக்குக் கிட்டிற்று. அவர் வழிவந்த பயிற்சி அந்த வாய்ப்பைப் பிற நோயாளருக்கு முறையாக அளிக்கவில்லை. 'ஆவணம்' என்னும் உருவகத்தில் வாசிக்கிறவர் ஒருவர், வாசிக்கப்படுகிறவர் மற்றொருவர். ஆவணம் தன்னை வாசிக்கிறவரைத் திரும்ப வாசிப்பதில்லை.

உளவியல் துறையிலும் இவ்விடர்ப்பாடு உணரப்பட்டிருந்தது. 1912-இல் மருத்துவர்களுக்கு எழுதிய அறிவுரையில் ஃபிராய்டு, நோயாளி பேசிக்கொண்டிருக்கையில் முழுக்குறிப்பு எடுப்பது தகாது என்றார். எழுதுகிற கை எதை எழுதுவது என்று தெரிந்தெடுக்கத் தொடங்கிவிடும். அப்போது செவி தன் திறந்த நிலையை இழக்கும். அவர் தம் குறிப்புகளை மாலையில் நினைவிலிருந்தே எழுதினார். மாறாக, கார்ல் ரோஜர்ஸ் 1942-இல் வெளியிட்ட நூலில், ஒருவருடன் நடத்திய உரையாடல்கள் முழுவதையும் ஒலிப்பதிவு செய்து, மாற்றுப்பெயரில் அச்சிட்டார். முன்னவர் கேட்டலைக் காக்க எழுத்தை ஒத்திவைத்தார். பின்னவர் உண்மையைக் காக்கப் பொறியை நாடினார். இருவர் வழியிலும் பேசியவருடைய சொற்கள் இறுதியில் சென்றடைந்த இடம் துறையினரின் கைகளே.

2. நம் சொந்த மரபு

இக்குறை மேனாட்டிலிருந்து நேற்று வந்தது என்று நாம் சொல்லித் தப்ப இயலாது. தமிழ்ப் புரொட்டஸ்டண்டுத் திருச்சபை பிறந்தபோதே குறிப்பேடும் உடன்பிறந்தது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரிகளின் நாட்குறிப்புகளும் மடல்களும் 1710 முதல் ஜெர்மனியின் ஹாலே நகரில் தொடர்ந்து அச்சேறின. உபதேசியார்கள் தம் பணியைக் குறித்து மிஷனரிகளுக்கு அறிக்கை தந்தனர். புதிதாய் விசுவாசித்தோரின் மனப் போராட்டங்களும் குடும்பப் பிணக்குகளும் சறுக்கல்களும் இவ்வாறு கடல்கடந்து, அவர்களை என்றும் காணாத ஜெர்மானிய வாசகரின் கைக்குச் சென்றன. பணிக்குப் பொருளுதவி செய்தோரும் அவ்வாசகருள் அடங்குவர்.

அந்த ஏடுகள் இன்று நமக்குப் பெருஞ்செல்வம். பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ்ச் சமுதாயத்தை அறிய அவற்றைப்போன்ற சான்றுகள் சிலவே உண்டு. ஆனால் திறனாய்வு நோக்கில் ஒன்றைக் குறிக்கவேண்டும். தன் கண்ணீர் ஹாலேயில் வாசிக்கப்படுவதை அதைச் சிந்தியவர் அறிந்திருந்தாரா? அன்று குறிப்பின் வாசகர் நன்கொடையாளர். இன்று பயிற்சிப் பேராசிரியர். நாளை ஒருவேளை நீதிமன்றம். வாசகர் மாறுகிறார், பேசியவர் மட்டும் எக்காலத்தும் வாசகராவதில்லை.

3. எழுதுகிறவரின் அனுபவம்

குறிப்பெழுதும் ஆற்றுப்படுத்துநரின் உள்ளத்தில் நிகழ்வது என்ன? முதலாவது, ஆறுதல். பகலெல்லாம் கேட்ட துயரம் இரவில் உறக்கத்தைக் கெடுக்கும்போது, அதைத் தாளில் இறக்கிவைப்பது சுமைதாங்கிக் கல்லில் தலைச்சுமையை இறக்குவதற்கு ஒப்பானது. இது இழிவான பயனன்று. சுமையை எங்கும் இறக்காத போதகர் அதைத் தம் மனைவி மக்கள்மேலோ அடுத்த ஞாயிற்றின் பிரசங்கத்திலோ இறக்கிவிடக்கூடும்.

இரண்டாவது, அச்சம். 'நாளை இது தவறாகுமாயின் என்னைக் காக்கும் சான்று எது?' என்னும் எண்ணம் எழுதுகோலை நடத்தத் தொடங்கும்போது, குறிப்பின் தன்மையே மாறிவிடுகிறது. 'தக்க அறிவுரை வழங்கப்பட்டது' என்பன போன்ற வாக்கியங்கள் எழுதுகிறவரைக் காப்பதற்கே பிறந்தவை; அவற்றில் வந்தவருடைய முகம் இராது.

மூன்றாவது, தோற்றம். மாணவர் தம் உரையாடலை மதிப்பெண்ணுக்காக எழுதும்போது தம் மறுமொழிகள் தாமாகவே செம்மையடைவதைக் காண்பார். தடுமாறிய இடத்தில் பொறுமையான மௌனம் வந்துவிடும். வெட்டிப் பேசிய இடத்தில் கனிவான வினா வந்துவிடும். சொல்லுக்குச் சொல் எனப்படும் குறிப்பு இவ்வாறு நடந்திருக்கவேண்டிய உரையாடலின் குறிப்பாகிறது. குற்றம் மாணவருடையது மட்டுமன்று. தவறிய மறுமொழியை நேர்மையாக எழுதியவரைவிட அழகிய மறுமொழியைப் புனைந்தவருக்கு மிகுந்த மதிப்பெண் கிடைக்கும் வகுப்பறையில் வேறெதனை எதிர்பார்ப்பது?

ஆறுதல், அச்சம், தோற்றம் ஆகிய மூன்றும் எழுதுகிறவரைச் சார்ந்தவை. மூன்றிலும் எழுதப்படுகிறவர் கருவி மட்டுமே.

4. கூடலூரில் காகிதம்

இனி எழுதப்படுகிறவரிடம் வருவோம். கூடலூர், பந்தலூர் வட்டங்களின் தேயிலைத் தோட்டங்களிலும் அவற்றைச் சூழ்ந்த குடியிருப்புகளிலும் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழரும் அவர் வழித்தோன்றல்களும் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். 1964 அக்டோபர் 30-ஆம் நாள் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவராயிருந்த 9,75,000 மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-ஆம் ஆண்டின் உடன்பாடு சரிபாதியாகப் பங்கிட்டது. வந்தவர்களுக்கு வேலை தரும்பொருட்டு 1968-இல் வனத்துறைத் திட்டமாகத் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள் 1976 முதல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயின.

இம்மக்களின் நினைவில் காகிதம் எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். இவர்தம் முன்னோர் காலத்தில் 'துண்டு' என்னும் சீட்டு இருந்தது. தொழிலாளியின் கடன்தொகை எழுதப்பட்ட அச்சீட்டு இல்லாமல் அவர் ஒரு தோட்டத்தைவிட்டு மற்றொன்றுக்குச் செல்ல முடியாது. அம்முறை 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பின்பு 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், முன்னோர் அங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டு, அதில்லாதவரை நாடற்றவராக்கிற்று. ஒரே வீட்டில் அண்ணன் பெயர் ஒரு நாட்டுப் பட்டியலிலும் தம்பி பெயர் மற்றொரு நாட்டுப் பட்டியலிலும் எழுதப்பட்ட குடும்பங்கள் பல.

இவர்கள் மட்டுமல்லர். கூடலூர் ஜன்ம நிலங்களை ஒழித்து இரயத்துவாரி முறைக்கு மாற்றும் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டும், பட்டா இல்லாமல் பயிரிட்டு வாழ்வோர் இன்றும் அங்கே பலர். பணியர், பெட்ட குறும்பர், முள்ளுக் குறும்பர், காட்டுநாயக்கர் முதலிய பழங்குடியினர், 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்கீழ்த் தம் மூதாதையர் வாழ்ந்த நிலத்திற்கே கோரிக்கைப் படிவமும் சான்றும் அளிக்கவேண்டியவராயினர். ஆக, அங்கே எழுத்து அஞ்சப்படுவது. அதே வேளையில் ஏங்கி நாடப்படுவது. பெயர் எழுதப்பட்டால் பிழைப்பு. பிழையாக எழுதப்பட்டால் நாடே இல்லை.

இத்தகைய மக்களுள் ஒருவர், கணவனின் குடியைப் பற்றியோ மகனின் தற்கொலை முயற்சியைப் பற்றியோ பேசப் போதகரிடம் வந்து, அவர் குறிப்பேட்டைத் திறப்பதைக் காணும்போது உள்ளத்தில் எழுவது யாது? 'ஐயா, இதையும் எழுதுவீங்களா?' என்று வாய்விட்டுக் கேட்பவர் இருப்பர். கேளாமல் பாதியில் நிறுத்திக்கொள்பவர் அவரினும் மிகுதியாயிருப்பர். பாய்சனின் உருவகம் இங்கே முறிந்துபோகிறது. ஆவணத்தால் அலைக்கழிக்கப்பட்டவரைப் பார்த்து 'நீர் ஓர் உயிருள்ள ஆவணம்' என்று சொல்வது அவருக்குப் பெருமையாகாது.

பெயரை மறைத்து எழுதினால் போதுமே என்பர் சிலர். நகரத்துப் பெரிய மருத்துவமனையில் அது போதலாம். மலைச் சபையில் 'மூன்றாம் லயத்து விதவை, மகன் திருப்பூரில் வேலை' என்று எழுதினாலே ஆள் யாரென்று சபை முழுவதும் அறியும். மேலும், போதகர் சில ஆண்டுகளில் மாற்றலாகிச் செல்கிறார். அவர் விட்டுச்செல்லும் குறிப்பேடு போதகர் இல்லத்து அலமாரியில், தென்மேற்குப் பருவமழையின் ஈரத்தில் பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது. பின்வருபவர் அதைத் திறக்கிறார். தம் நம்பிக்கையை முதலாமவரிடம் ஒப்புவித்தவர், இரண்டாமவரிடம் அதை ஒப்புவிக்கவில்லை. இன்று கைப்பேசியில் வந்து தங்கும் குரற்செய்திகளும் இவ்வகைக் குறிப்பேடே என்பதை நாம் நினைப்பதில்லை.

5. எந்த மொழியில்?

மற்றொரு குறையும் உண்டு. நம் மாணவர் பலர் உரையாடற் குறிப்பை ஆங்கிலத்தில் எழுதுகின்றனர். பேச்சு நிகழ்ந்ததோ மலையகத் தமிழில். அல்லது தமிழும் மலையாளமும் விரவிய கூடலூர்ப் பேச்சில். மொழிபெயர்க்கப்பட்ட பின்னும் அதற்குச் 'சொல்லுக்குச் சொல்' என்று பெயர் வழங்குகிறோம். 'நெஞ்சு அடைக்குது' என்று ஒரு தாய் சொன்னது 'டிப்ரஷன்' என்று ஏட்டில் ஏறுகிறது. 'மனசு விட்டுப்போச்சு' என்பதற்கும் அதே சொல். 'வாழப் புடிக்கல' என்பதற்கும் அதே சொல். முதலாவது உடல்நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்; இரண்டாவது ஒருவர்மேல் வைத்த நம்பிக்கை முறிந்ததைக் குறிக்கலாம்; மூன்றாவது உடனடியாகக் கவனிக்கவேண்டிய அபாயம். மூன்றையும் ஒன்றாக்கிவிட்ட குறிப்பு, தன் பயனையே இழந்த குறிப்பு.

வேலூர்க் கிறிஸ்தவ ஆற்றுப்படுத்தல் மையத்தைச் சேர்ந்த பி. ஜே. பிரசாந்தம் இந்திய வரலாறுகளைத் தொகுத்து நூலாக்கியது, அமெரிக்க மனிதரையே பாடமாகப் படித்துவந்த நமக்குப் பெரிய விடுதலை. அந்நூல் ஆங்கிலத்தில் அமைந்தது. அதற்கடுத்த அடி, நம் மக்களின் துயர்மொழியை அவர்தம் மொழியிலேயே பதிவது. அவ்வடியை எடுத்துவைக்க வேண்டியவை தமிழில் கற்பிக்கும் நம் கல்லூரிகள்.

எழுத்து வழக்குப் பெறாத மொழிகளைப் பேசும் பழங்குடியினரிடத்தில் இது இன்னும் கடினம். ஆயினும் வழியில்லாமற் போகவில்லை. 1990-இல் தொடங்கப்பட்ட கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில் செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்சி பெற்றோருள் பலர் பழங்குடி மகளிரே. எழுதுகிறவர், எழுதப்படுகிறவரின் மொழியையும் குடிசையையும் அறிந்தவராயிருக்கும்போது ஏட்டின் தன்மையே வேறாகும் என்பதைத் திருச்சபை அங்கே கற்கலாம்.

6. எழுதாமை விடையாகுமா?

இத்துணை இடர் உண்டெனில் எழுதாமலே இருந்துவிடலாமே என்று தோன்றும். அது எளிய வழி, நேரிய வழியன்று. நினைவு தனக்கு இசைந்ததையே வைத்துக்கொள்ளும். தற்கொலை எண்ணத்தை ஒருவர் சென்றமுறை எவ்வளவு தெளிவாகச் சொன்னார் என்பது இம்முறை வேண்டப்படும் செய்தி. அன்றியும், ஆற்றுப்படுத்தும் அறையில் தவறு செய்கிறவர் போதகராகவே இருக்கக்கூடும். எழுத்தே இல்லாத அறை அவருக்குப் பாதுகாப்பு, வந்தவருக்கு அன்று.

சட்டமும் நம்மை விடாது. 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதற்கும் கணவன் மனைவியர் தமக்குள் பேசியதற்கும் பாதுகாப்பளித்தது. போதகரிடம் சொன்னதற்கு அளிக்கவில்லை. 2024 ஜூலை முதல் நாள் அதனிடத்தில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியமும் இந்நிலையை மாற்றவில்லை. மணவிலக்கு வழக்கில் நம் குறிப்பேடு கோரப்படலாம். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களைத் தடுக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, அத்தகைய குற்றத்தை அறிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர், போதகருக்கு விலக்கில்லை. ஆகவே 'நீங்கள் சொல்வது எதுவும் இவ்வறையைவிட்டு வெளியேறாது' என்னும் வாக்குறுதியை நாம் கொடுத்தலாகாது. நிறைவேற்ற இயலாத வாக்கைக் கொடுத்து ஒருவரைப் பேசவைப்பது வஞ்சனை.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மற்றொரு திசையைக் காட்டுகிறது. அதன் 23-ஆம் பிரிவு மனநோயுற்றவருக்கு மறைகாப்பு உரிமையையும், 25-ஆம் பிரிவு தம் மருத்துவப் பதிவேட்டைத் தாமே பெற்றுக் காணும் உரிமையையும் வழங்குகின்றன. காண்பதால் அவருக்குக் கடும் மனத்தீங்கோ பிறருக்கு ஊறோ நேரிடுமாயின் குறிப்பிட்ட பகுதியை நிறுத்திவைக்கலாம் என்ற விதியும் உண்டு. இச்சட்டம் மனநலத் துறையை நோக்கியது; சபைப் போதகரை நோக்கியதன்று. ஆயினும் பேசியவரை வாசகராக்கும் கொள்கையைப் பாராளுமன்றம் ஏற்றுக்கொண்டபின், திருச்சபை அதற்குப் பின்தங்கி நிற்பது தகுமா?

7. யோபுவின் விண்ணப்பம்

திருமறை இவ்வினாவை அறியாததன்று. தன் சொற்கள் எழுதப்படவேண்டும், கன்மலையில் வெட்டப்படவேண்டும் என்று யோபு ஏங்குகிறான் (யோபு 19:23, 24). எழுதப்படுவதை அவன் வெறுக்கவில்லை. தன் சொற்களே எழுதப்படவேண்டும் என்கிறான். பின்னும் ஒருபடி சென்று, தன்னை எதிர்க்கிறவர் தன்னைப் பற்றி எழுதியதைத் தனக்குக் காட்டவேண்டும், அதைத் தோள்மேல் சுமந்து முடியாக அணிந்துகொள்வேன் என்று அறைகூவுகிறான் (31:35, 36). தன்னைப் பற்றிய ஏட்டைத் தான் வாசிக்கவேண்டும் என்று துன்புறுவோன் எழுப்பும் கோரிக்கை இதைவிட வலிமையாக எங்கும் ஒலிக்கவில்லை. அவன் நண்பர்களோ அவனைக் கேட்பதற்கு முன்பே அவன் நோயின் காரணத்தை முடிவு செய்துவிட்டவர்கள். இறுதியில் ஆண்டவர் கடிந்துகொள்வது அந்நண்பர்களைத்தான் (42:7).

கண்ணீர் தேவனுடைய கணக்கில் இருப்பதாகச் சங்கீதக்காரன் நம்புகிறான் (சங். 56:8). நமக்கு விரோதமான கையெழுத்தைக் கிறிஸ்து குலைத்துப்போட்டார் என்று அப்போஸ்தலன் அறிவிக்கிறார் (கொலோ. 2:14). துயரத்தை மறவாத எழுத்தும், குற்றத்தை நிலைநிறுத்தாத எழுத்தும் ஒருங்கே இருக்கக்கூடும் என்பதே இவ்விரண்டும் தரும் சாட்சி. நம் குறிப்பேடு அவ்வொழுங்கிற்கு உட்படவேண்டும்.

இதனின்று நடைமுறைக்குச் சில முடிவுகள் பிறக்கின்றன. முதலாவது, எழுதுவதையும் மறைகாப்பின் எல்லையையும் தொடக்கத்திலேயே சொல்லி இசைவு பெறவேண்டும். மறுப்பவரிடம் நினைவுக்கு வேண்டிய நாளும் உடன்பாடும் மட்டுமே குறிக்கலாம். இரண்டாவது, வந்தவருடைய முதன்மையான சொற்கள் அவர் பேசிய மொழியிலேயே எழுதப்படவேண்டும். மூன்றாவது, நம் ஊகங்களை அவர் கூறியவற்றோடு கலவாமல், நம் தடுமாற்றத்தைப் பற்றியே நம் சிந்தனைக் குறிப்பை எழுதவேண்டும். நான்காவது, அடுத்த சந்திப்பின் தொடக்கத்தில் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டித் திருத்தம் கேட்கவேண்டும். ஐந்தாவது, மாற்றலாகிச் செல்லுமுன், சட்டப்படி காக்கவேண்டியவை நீங்கலாக மற்றவற்றை என்செய்வது என்பதை அவரிடமே கேட்டு முடிவு செய்யவேண்டும்.

நான்காவதற்கு மறுப்பு எழும். கடும் ஐயநோயுற்றவருக்கு வாசித்துக் காட்டுவது தீங்காகலாம். எழுத்தின் படியைக் கையில் கொடுத்தால், தனியறையில்லாத லயத்தில் அடிக்கும் கணவன் அதைக் கண்டெடுக்கலாம். இவை உண்மையான இடர்கள். ஆகவேதான் படி கொடுத்தலை விடுத்து வாசித்துக் காட்டலை முன்வைக்கிறோம். விலக்குகளையும் சட்டம் காட்டிய அளவோடு ஏற்கிறோம். ஆனால் விலக்கு விதியாகிவிடக் கூடாது. வாசித்துக் காட்டக் கூசும் வாக்கியம் நம் குறிப்பில் இருக்குமானால், பெரும்பாலும் பிழை அவ்வாக்கியத்தில்தான் இருக்கும்.

கல்லூரிகளுக்கும் ஒரு சொல். உரையாடற் குறிப்பைத் தமிழில் எழுத மாணவரை ஊக்குவிக்கலாம்; பேசியவரின் இசைவு பெறப்பட்டதா என்று மதிப்பிடுமுன் வினவலாம்; தவறிய மறுமொழியை மறையாது எழுதியவருக்கு அதன்பொருட்டே மதிப்பளிக்கலாம். இவற்றுக்குப் பொருட்செலவு எதுவும் இல்லை. வந்தவரிடம் வாசித்துக் காட்டியதும் அவர், 'ஆமாங்க ஐயா, நான் சொன்னது இதுதான்' என்றோ, 'இல்லீங்க, நான் அப்படிச் சொல்லல' என்றோ சொல்லும் அந்நொடியில், நெடுங்காலமாகப் பிறர் எழுத்தில் அலைந்தவர் தம்மைப் பற்றிய ஏட்டைத் தாமே திருத்துகிறார். ஆற்றுப்படுத்தல் என்று நாம் கருதுவதில் பெரும்பகுதி அங்கே நிகழ்ந்துவிடுகிறது.